புகைபோக்கிக்குப் போகும் சூட்டைப் பிடித்தவர்கள்

மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியைத் தூரத்திலிருந்து பார்க்காதவர்கள் குறைவு. உள்ளே உலையில் நிலக்கரி எரியும் இடத்தில் வெப்பம் 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அதே புகை புகைபோக்கியின் அடிக்கு வந்து சேரும்போது ஏறக்குறைய 140 டிகிரிதான் இருக்கிறது. இடையில் கழன்ற ஆயிரத்துச் சொச்சம் டிகிரியில் பெரும்பகுதியை நீராவி வாங்கிக்கொள்கிறது. கடைசியில் மிஞ்சும் சில நூறு டிகிரியைத்தான் ஒரு காலத்தில் எல்லோரும் வானத்துக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பிடித்து மறுபடியும் அடுப்புக்கே அனுப்பும் கலை மின்சாரத் தொழிலைவிட மூத்தது. அதைத் தொடங்கிவைத்தவர் ஒரு பாதிரியார்.

ஸ்காட்லாந்தின் கில்மார்னக் ஊரில் 1816இல் ராபர்ட் ஸ்டர்லிங் என்ற 25 வயது இளைஞர் திருச்சபைப் போதகராகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டில் ஒரு காப்புரிமைக்கும் விண்ணப்பித்தார். நீராவி இல்லாமல் வெறும் காற்றைச் சூடாக்கியும் குளிர்வித்தும் ஓடும் இயந்திரம் அது. அதைவிட முக்கியமானது இயந்திரத்துக்குள் அவர் வைத்த ஒரு சின்ன அமைப்பு. சூடான காற்று குளிர்ந்த பக்கம் போகும் வழியில் அது உலோகத்தின் மேல் உரசிச் செல்லும். சூட்டை அதனிடம் விட்டுவிடும். திரும்பி வரும்போது அதே சூட்டை எடுத்துக்கொள்ளும். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் இன்னொரு தோசைக்குச் சூடு வைத்திருக்கிறதே, அந்தச் சேமிப்பை நிமிடத்துக்குப் பல முறை நடத்தும் ஏற்பாடு. இந்த அமைப்புக்கு அவர் வைத்த பெயர் 'எகனாமைசர்'.

ஸ்டர்லிங்கின் தம்பி ஜேம்ஸ் பொறியாளர். டண்டீ நகரின் வார்ப்பாலை ஒன்றில் 1843இல் இந்த இயந்திரத்தைப் பெரிதாகவே ஓட்டிக் காட்டினார். ஆனால் சூடான பக்கத்து உருளை மறுபடி மறுபடி பழுதாகி, சில ஆண்டுகளில் நீராவி இயந்திரமே திரும்ப வந்தது. அந்த வெப்பத்தைத் தாங்கும் உலோகம் அன்று இல்லை. ஜான் எரிக்சன் என்ற சுவீடன்காரர் இதே கருத்தைக் கம்பிவலைகளால் செய்து, 1853இல் நியூயார்க்கில் ஒரு கப்பலையே ஓட்டிப் பார்த்தார். கப்பல் ஓடியது, மெதுவாக. மறு ஆண்டு புயலில் மூழ்கியது. தூக்கி நிறுத்தியபோது நீராவி இயந்திரத்தை மாட்டினார்கள். இயந்திரமாக அந்தக் கருத்து தோற்றது. ஆனால் அதன் உள்ளிருந்த எகனாமைசர் வேறு வேலை தேடிக் கிளம்பிவிட்டது.

கில்மார்னக்கிலிருந்து ஒரு நாள் பயணத்துக்குள் கிளாஸ்கோ. அங்கே எரிவாயு நிலையத்தை நிர்வகித்தவர் ஜேம்ஸ் போமன்ட் நீல்சன். இரும்பு உருக்கும் ஊதுலைக்குள் அடிக்கும் காற்று எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று உலைக்காரர்கள் அன்று நம்பினார்கள். குளிர்காலத்தில் உலை நன்றாக எரிகிறது என்பது அவர்கள் கண்ட அனுபவம். குளிர்காலக் காற்றில் ஈரம் குறைவு என்பதுதான் அதற்கு உண்மைக் காரணம். நீல்சன் நேர்மாறாகக் காற்றைச் சூடாக்கி ஊதினார். 1828இல் காப்புரிமை பெற்றார். பணம் போட்ட பங்காளிகளில் ஒருவர் சார்ல்ஸ் மேக்கின்டாஷ். ரப்பர் பூசிய மழைக்கோட்டால் பெயர் பெற்ற அதே ஆள்தான். கிளாஸ்கோ அருகே கிளைட் இரும்பாலையில் 1829இல் ஒரு டன் இரும்புக்கு 8 டன்னுக்கும் மேல் நிலக்கரி செலவானது. 1833இல், காற்று இன்னும் சூடானபோது, கல்கரியாக மாற்றாத பச்சை நிலக்கரியையே போடலாம் என்று ஆனது. செலவு 3 டன்னுக்குள் வந்தது.

டன்னுக்கு ஒரு ஷில்லிங் ராயல்டி என்று நீல்சன் தரப்பு கேட்டது. இவ்வளவு பெரிய சேமிப்புக்கு அது மலிவான விலைதான். ஆனாலும் கார்ட்ஷெரியின் பேர்ட் சகோதரர்கள், அந்நாளின் பெரிய இரும்பு முதலாளிகள், கொடுப்பதை நிறுத்தினார்கள். காற்றைச் சூடாக்குவதில் யாருக்கும் உரிமை கிடையாது என்பது அவர்கள் வாதம். வழக்கு எடின்பரோ நீதிமன்றத்தில் நீண்டது. 1842இல் காப்புரிமைக் காலமே முடிந்தது. நீல்சன் பக்கம் தீர்ப்பு வந்தது 1843இல். பணம் அவருக்குக் கிடைத்தது. ஆனால் அதற்குள் சூட்டுக்காற்று ஸ்காட்லாந்தின் இரும்புத் தொழில் முழுவதையும் பிடித்திருந்தது.

நீல்சனின் ஏற்பாட்டில் ஒரு குறை இருந்தது. காற்றைச் சூடாக்கத் தனி அடுப்பு, தனி நிலக்கரி. ஊதுலையின் தலையிலிருந்து எரியும் வாயு வீணாகப் போய்க்கொண்டிருந்தது. தென்ஜெர்மனியின் வாசர்ஆல்ஃபிங்கன் இரும்பாலையை நடத்திய ஃபாபர் டு ஃபோர் 1830களில் அந்த வாயுவையே பிடித்துக் காற்றைச் சூடாக்கினார். நிலக்கரி கிளாஸ்கோவில் காலடியில் கிடந்தது. வாசர்ஆல்ஃபிங்கனில் கரி எரித்தார்கள், அதற்கு மரம் வெட்ட வேண்டும். எரிபொருள் அருமையாக இருக்கும் ஊரில்தான் வீணாகும் சூடு கண்ணில் படுகிறது என்று நான் நினைக்கிறேன்.

அந்த எண்ணத்துக்கு எதிர்ச்சான்றாக நிற்பவர் எட்வர்ட் கிரீன். யார்க்ஷயரின் வேக்ஃபீல்டு, நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நடுவே இருக்கும் ஊர். 1845இல் கிரீன் காப்புரிமை பெற்ற பொருள்தான் இன்று வரை ஒவ்வொரு அனல்மின் நிலையத்திலும் இருக்கும் எகனாமைசர். பெயரும் ஸ்டர்லிங்கின் பெயரே. கொதிகலனுக்கும் புகைபோக்கிக்கும் நடுவில் வரிசையாகச் செங்குத்து வார்ப்பிரும்புக் குழாய்கள். குழாய்க்குள் கொதிகலனுக்குப் போகும் பச்சைத்தண்ணீர், வெளியே புகை. தண்ணீர் சூடாகிக் கொதிகலனுக்குள் போகும். அவ்வளவுதான். இன்று எரிசக்தித் தணிக்கை செய்பவர்கள் ஒரு கணக்கு சொல்வார்கள்: கொதிகலனுக்குப் போகும் தண்ணீரை இப்படிச் சூடாக்கும் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் எரிபொருளில் 1 விழுக்காடு மிச்சம். 60 டிகிரி ஏற்றினால் பத்தில் ஒரு பங்கு நிலக்கரி மிச்சம்.

கிரீனின் முன்னால் இருந்த உண்மையான எதிரி புகைக்கரி. குழாய் மேல் கரி படிந்தால் சூடு உள்ளே போகாது. சில வாரங்களில் எகனாமைசர் வெறும் இரும்புக் குவியலாகிவிடும். அவர் ஒவ்வொரு குழாயையும் சுற்றி ஒரு சுரண்டியை மாட்டி, சங்கிலியால் இணைத்து, சிறு இயந்திரம் ஒன்றால் இரவும் பகலும் மேலும் கீழும் ஏற்றி இறக்க வைத்தார். பலர் குழாயை நினைத்திருக்கலாம். சுரண்டியை நினைத்தவர்தான் வென்றார். 1853இல் திறந்த டைட்டஸ் சால்ட்டின் பெரிய கம்பளி ஆலை, சால்ட்டேரில், கிரீனின் எகனாமைசரை வாங்கியது. அதன் பிறகு ஆலை என்றால் லங்காஷயர் கொதிகலன், அதன் பின்னால் கிரீன் எகனாமைசர் என்பது வழக்கமாயிற்று.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம், நியூ ஆர்லியன்ஸில், இன்னொருவர் சூட்டை வேறு வழியில் கைமாற்றிக்கொண்டிருந்தார். நோர்பர்ட் ரில்யூ 1806இல் பிறந்தவர். அப்பா வெள்ளையர், அம்மா கான்ஸ்டன்ஸ் விவான், அடிமையாக இல்லாத கறுப்பினக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பாரிஸில் படித்துத் திரும்பிய ரில்யூ கரும்புத் தோட்டங்களில் கண்டது, வரிசையாகத் திறந்த கொப்பரைகளில் சாறு காய்ச்சும் அடிமைகளை. கொதிக்கும் சாற்றைக் கரண்டியால் ஒரு கொப்பரையிலிருந்து அடுத்ததற்கு மாற்ற வேண்டும். கை வெந்துபோவது அன்றாடம். ரில்யூ கொப்பரைகளை மூடினார். முதல் பாத்திரத்தில் சாற்றிலிருந்து எழும் ஆவியை இரண்டாவது பாத்திரத்தின் குழாய்களுக்குள் விட்டார். அங்கே காற்றழுத்தத்தைக் குறைத்துவைத்ததால் சாறு குறைந்த சூட்டிலேயே கொதித்தது. அதன் ஆவி மூன்றாவதற்கு. ஒரு முறை மூட்டிய தீ மூன்று முறை உழைத்தது. 1843இலும் 1846இலும் காப்புரிமைகள். வரைபடங்கள் கள்ளத்தனமாக ஜெர்மனிக்குப் போய் அங்கே ஒரு போலி எழுந்தது. கருத்து புரியாமல் உருவத்தை மட்டும் பார்த்துச் செய்ததால் அது சரியாக ஓடவில்லை. ரில்யூ இனவெறிச் சட்டங்கள் இறுகிய நாட்டைவிட்டுப் பாரிஸுக்கே போய் 1894இல் இறந்தார். இன்று தமிழ்நாட்டின் ஒவ்வொரு சர்க்கரை ஆலையிலும் சாறு இப்படித்தான் பாத்திரம் பாத்திரமாக வற்றுகிறது. பல ஆலைகளில் கரும்புச் சக்கையை எரித்து, நீராவியை முதலில் டர்பைனுக்கு விட்டு மின்சாரம் எடுத்து, அங்கே வேலை முடிந்த நீராவியை இந்தப் பாத்திரங்களுக்கு அனுப்புகிறார்கள். மிஞ்சிய மின்சாரம் மின்வாரியத்துக்குப் போகிறது. எரிபொருளின் மொத்தக் கணக்கில் பார்த்தால், பெரிய அனல்மின் நிலையம் எட்ட முடியாத சிக்கனத்தைச் சர்க்கரை ஆலை எட்டுவது இதனால்தான்.

மறுபடி ஐரோப்பா. சீமென்ஸ் சகோதரர்களில் வில்லியம் லண்டனில் தங்கி, ஸ்டர்லிங்கின் கருத்தை நீராவி இயந்திரத்தில் புகுத்த ஆண்டுக்கணக்கில் முயன்று கைவிட்டார். தம்பி ஃபிரெடரிக் அதை உலைக்கு மாற்றி 1856இல் காப்புரிமை வாங்கினார். இரண்டு அறைகள் நிறையச் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கினார்கள். உலையின் புகை ஓர் அறை வழியாக வெளியேறும்போது செங்கல் பழுக்கும். பிறகு திசையை மாற்றி, எரிப்பதற்கான காற்றை அதே அறை வழியாக உள்ளே விடுவார்கள். மறு அறை அப்போது புகையை வாங்கிக்கொள்ளும். எட்வர்ட் கூப்பர் என்பவர் 1857இல் இதையே நீல்சனின் சூட்டுக்காற்றுக்குப் பொருத்தினார். இன்றைய ஊதுலைகளுக்குப் பக்கத்தில் நிற்கும் உயர்ந்த உருளைகள் அவருடையவை. பர்மிங்ஹாம் அருகே ஒரு கண்ணாடி ஆலையில் சீமென்ஸ் உலையைப் பார்க்கப் போனவர்களில் மைக்கேல் ஃபாரடேயும் ஒருவர். 1862 ஜூன் 20 அன்று ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் நிகழ்த்திய கடைசி வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவின் பொருள் இந்த உலைதான். 1865இல் பிரான்சின் சிரோய் ஊரில் மார்ட்டின் குடும்பத்தினர் அதில் எஃகு உருக்கினார்கள். 1912இல் ஜாம்ஷெட்பூரில் டாடாவின் முதல் எஃகும் அந்த வகை உலையில் வந்தது. உலோகம் தாங்காமல் தோற்ற ஸ்டர்லிங்கின் யோசனை, செங்கல்லுக்கு மாறி, உலகத்துக்கு எஃகை மலிவாக்கியது.

அடுத்த நூற்றாண்டில் மின்நிலையங்கள் வந்தபோது கிரீனின் குழாய்களுக்கு ஒரு போட்டி கிளம்பியது. டர்பைனில் பாதி வேலை செய்த நீராவியில் கொஞ்சத்தை நடுவழியிலேயே எடுத்து, கொதிகலனுக்குப் போகும் தண்ணீரைச் சூடாக்கினால் மொத்தத் திறன் கூடுகிறது என்று பொறியாளர்கள் கண்டார்கள். நல்ல கணக்கு. ஆனால் இப்போது தண்ணீர் எகனாமைசருக்கு வரும்போதே 200 டிகிரிக்கு மேல் இருக்கிறது. புகை எப்படித் தன் சூட்டை அதற்குக் கொடுக்கும்? ஒரு சேமிப்பு இன்னொரு சேமிப்பின் வாயை அடைத்தது. புகையில் முன்னூறு டிகிரி அளவு அப்படியே நின்றது.

வாங்கிக்கொள்ளக் குளிர்ந்த பொருள் ஒன்றுதான் மிச்சம்: உலைக்குள் போகும் காற்று. சுவீடனின் ஃபிரெட்ரிக் யுங்ஸ்ட்ரோம் 1920இல் அதற்கு ஒரு பெரிய உருளையைச் செய்தார். உள்ளே நெளிநெளியான மெல்லிய எஃகுத் தகடுகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். உருளை நிமிடத்துக்கு ஓரிரு சுற்று மட்டுமே சுழலும். ஒரு பாதி எப்போதும் புகையில், மறு பாதி எப்போதும் காற்றில். புகையில் சூடான தகடு அரைச் சுற்றில் காற்றின் பக்கம் வந்து சூட்டைக் கொடுக்கிறது. சீமென்ஸ் செங்கல் அறைகளில் திசையை மாற்றினார். யுங்ஸ்ட்ரோம் திசையை விட்டுவிட்டு அறையையே சுற்றினார். இதைவிட அழகான திருத்தம் இந்த வரலாற்றில் இல்லை என்பது என் கருத்து. அமெரிக்காவின் வெல்ஸ்வில் நகரில் இதற்கென்றே தொழிற்சாலை வந்தது. நிலக்கரி மின்நிலையங்கள் எங்கெல்லாம் எழுந்தனவோ அங்கெல்லாம் உருளையும் போனது. நம் பக்கத்தில் கொதிகலனைத் திருச்சி பெல் செய்கிறது. இந்தச் சுழலும் ஏர் ப்ரீஹீட்டரை ராணிப்பேட்டையில் உள்ள பெல் ஆலை செய்கிறது. வட இந்திய மின்நிலையங்களின் புகைச் சூட்டைப் பிடிக்கும் உருளைகள் பல பாலாற்றங்கரையிலிருந்து போனவை.

கிரீனைத் தொல்லைப்படுத்திய கரிக்குப் பதிலாக நமக்கு வாய்த்தது சாம்பல். இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல் இருப்பது சாதாரணம். புகையோடு வேகமாகப் பறக்கும் அந்தத் துகள்கள் எகனாமைசர் குழாய்களை அரித்து ஓட்டையாக்குகின்றன. கொதிகலன் திடீரென்று நிற்பதற்கு அடிக்கடி காரணமாவது இந்தக் குழாய் ஓட்டைதான். நெய்வேலியில் வேறு சிக்கல். பழுப்பு நிலக்கரியில் பாதி எடை ஈரம். அதை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பங்கு செலவாகிப் புகையோடு போய்விடுகிறது. எல்லா ஊருக்கும் பொதுவான தடை கந்தகம். புகையை ஓர் அளவுக்குக் கீழே குளிர்வித்தால் கந்தக அமிலம் திவலையாகி இரும்பைத் தின்னும். 140 டிகிரியில் புகையை விட்டுவிடுவதற்கு அதுதான் முக்கியக் காரணம். அந்த வேலியையும் சிலர் தாண்டியிருக்கிறார்கள். ஜெர்மனியின் சில பழுப்பு நிலக்கரி நிலையங்களில் அமிலம் அரிக்காத பிளாஸ்டிக் குழாய்களில் தண்ணீரை ஓட்டிப் புகையை இன்னும் இறக்கினார்கள். ஷாங்காயின் வைகாவோச்சியாவ் மூன்றாம் நிலையம், 2008இல் வந்தது, புகையில் மிஞ்சிய சூட்டால், வேலை முடிந்த நீராவியைக் குளிர்விக்கும் கண்டன்சரிலிருந்து திரும்பும் தண்ணீரைச் சூடாக்கி, யூனிட்டுக்கு 300 கிராமுக்கும் குறைந்த நிலக்கரியில் மின்சாரம் எடுத்துப் பெயர் வாங்கியது. புகையை 22 டிகிரி குளிர்வித்தால் ஒரு விழுக்காடு மிச்சம் என்பது இங்கே கணக்கு. மணிக்கு 300 டன் நிலக்கரி எரிக்கும் 500 மெகாவாட் அலகில் அது மணிக்கு 3 டன்.

வாயு டர்பைனில் கதை வேகமாக நகர்ந்தது. சுவிட்சர்லாந்தின் நெஷாட்டலில் 1939இல் தொடங்கிய முதல் மின்நிலைய வாயு டர்பைன் 17 விழுக்காட்டுத் திறனே காட்டியது. சூட்டின் பெரும்பகுதி வெளியேறும் வாயுவோடு போனது. 1949இல் ஓக்லஹோமாவின் பெல் ஐல் நிலையத்தில் அந்த வாயுவைக் கொண்டு பக்கத்து நீராவி அலகின் தண்ணீரைச் சூடாக்கினார்கள். கிரீன் செய்ததேதான். அடுத்த படியாக அந்த வாயுவிலேயே நீராவியும் உண்டாக்கி இரண்டாவது டர்பைனை ஓட்டினார்கள். பிரான்சின் புஷான் நிலையம் 2016இல் 62.22 விழுக்காட்டைத் தொட்டது. காவிரிப் படுகை எரிவாயுவில் ஓடும் கோவில்களப்பால், குத்தாலம், ராமநாதபுரம் வழுதூர் நிலையங்களும் இந்த இரட்டைச் சுழற்சியைச் சேர்ந்தவையே.

இவ்வளவு செய்த பிறகும் நிலக்கரி நிலையத்தின் மிகப் பெரிய இழப்பு தொடப்படாமலே இருக்கிறது. எரிந்த சூட்டில் ஏறக்குறைய பாதி, டர்பைனில் வேலை முடித்த நீராவியைக் குளிர்விக்கும் தண்ணீரோடு கடலுக்கோ குளிர்விப்புக் கோபுரத்துக்கோ போகிறது. அதை ஏன் மின்சாரமாக்க முடியாது என்பதைப் பாரிஸில் 28 வயது சாடி கார்னோ 1824லேயே எழுதிவிட்டார்: சூடான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் வேலையாகும். 40 டிகிரித் தண்ணீருக்கும் 30 டிகிரிக் கடலுக்கும் நடுவே, குறையே இல்லாத இயந்திரம் வைத்தாலும் 3 விழுக்காடுதான் தேறும். 140 டிகிரிப் புகையில் அதே கணக்கு 27 விழுக்காடு வரை போகும். ஆக, கண்டன்சர் சூட்டை இயந்திரத்துக்குக் கொடுக்கக் கூடாது. சூடாகவே வேண்டுபவரைத் தேட வேண்டும். கோபன்ஹேகன் போன்ற குளிர்நாட்டு நகரங்கள் நீராவியைச் சற்று முன்னதாகவே எடுத்து, வெந்நீராகக் குழாயில் வீடுகளுக்கு அனுப்புகின்றன. சென்னைவாசிக்கு அது எதற்கு?

சென்னைக்கு வேண்டியது குடிநீர். சென்னையைச் சேர்ந்த தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2005இல் லட்சத்தீவின் கவரத்தியில், கடலின் மேல்நீருக்கும் ஆழத்து நீருக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தை வைத்து நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் நன்னீர் எடுக்கும் நிலையத்தை நிறுவியது. 2009இல் அதே முறையை வட சென்னை அனல்மின் நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். இங்கே ஆழ்கடலுக்குக் குழாய் இறக்க வேண்டியதில்லை. கண்டன்சரிலிருந்து வெளியேறும் வெதுவெதுப்பான கடல்நீரைக் காற்று உறிஞ்சிய பெரிய கலனுக்குள் விட்டால், அழுத்தம் குறைவாக இருப்பதால் அதில் ஒரு சிறு பங்கு உடனே ஆவியாகும். பத்து டிகிரிக்குள்தான் குறைவாக இருக்கும் சாதாரணக் கடல்நீரால் அந்த ஆவியைக் குளிர்வித்தால் உப்பில்லாத தண்ணீர். ரில்யூ மூடிய கொப்பரைக்குள் செய்ததும் இதுதான். அவர் சர்க்கரையை வைத்துக்கொண்டு ஆவியை விட்டார், இவர்கள் ஆவியை வைத்துக்கொண்டு உப்புநீரை விடுகிறார்கள்.

அந்தச் சோதனை நிலையத்தின் அளவு நாளுக்கு ஒன்றரை லட்சம் லிட்டர். பம்புகளுக்கும் காற்றை உறிஞ்சவும் மின்சாரம் வேண்டும், கலன் பெரிது, முதலீடும் பெரிது. ஆனால் சூட்டுக்கு விலை கிடையாது, உப்பை வடிகட்டும் சவ்வை மாற்றும் செலவும் கிடையாது, கிடைப்பது காய்ச்சி வடித்த தண்ணீர். கொதிகலனுக்கு அப்படிப்பட்ட சுத்தமான தண்ணீர்தான் தேவை. அதை இன்று ஒவ்வொரு நிலையமும் தனியாகச் சுத்திகரித்துத் தயாரிக்கிறது. எண்ணூர் முதல் தூத்துக்குடி வரை நம் கடலோர அனல்மின் நிலையங்கள் கடல்நீரை வெதுவெதுப்பாக்கிக் கடலுக்கே திருப்பி அனுப்புகின்றன. அவற்றில் ஒன்றாவது தன் கொதிகலனின் அன்றாடத் தண்ணீரை இந்த வழியில் எடுத்துக்கொண்டால், கிணற்றிலிருந்தும் ஏரியிலிருந்தும் அது வாங்கும் நன்னீர் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு மிச்சமாகும்.